இருபத்தொரு நிமிடம் அமுங்கிக் கிடந்த மைக்

மானிப்பாய்,
திங்கட்கிழமை.

அன்புள்ள மச்சான் ஜொனதனுக்கு,

அத்தான் நதானியேல் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நானும் உன் அக்கா தேவகுமாரியும் மகள் அபிகாயிலும் நல்ல சுகம். கொழும்பில் நீயும் ஜெயந்தினியும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க வேண்டுகிறோம். சுகம் என்று எழுதியது முறைக்காக. வெள்ளிக்கிழமை பின்னேரத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வட்ஸ்அப்பில் கேட்டிருப்பேன், ஆனால் என் போனைத் திறக்கும் இலக்கம் உன் அக்காவுக்குத் தெரியும்.

நீ தொலைத்தொடர்பு படித்த எஞ்சினியர். கேள்வி ஒன்றுதான். இருபத்தைந்து வாற் சக்தியுள்ள ஹாம் றேடியோவை மொறிஸ் மைனர் காருக்குள் வைத்துப் பேசினால், வட்டுக்கோட்டையிலிருந்து உடுவிலுக்குக் கேட்குமா? கேட்காது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வருட மழையில் போன்கள் எல்லாம் செத்துக் கிடந்தபோது, காரிலிருந்தே மற்றவர்களோடு பேசக்கூடிய ஒரு றேடியோ வேண்டும் என்று முடிவெடுத்தேன். அறுபத்துமூன்று வயதில் சோதனை எழுதி லைசென்சும் எடுத்தேன். பிறகுதான் ஆக்கினை, எந்த றேடியோப் பெட்டியை வாங்குவது என்று. ஜப்பான் பெட்டியின் விலையைக் கேட்டேன், காரை விற்றால் வாங்கலாம், ஆனால் பூட்டுவதற்குக் கார் இருக்காது. கையில் பிடிக்கும் சின்னப் பெட்டி மலிவு, ஆனால் காருக்குள் இருந்து பேசினால் எங்கள் ஒழுங்கை முடக்கைத் தாண்டாது. கடைசியில் உடுவிலில் இருக்கும் ஹாம் றேடியோக்காரர் கிளரன்ஸ் அண்ணைதான் நடுத்தரமாக ஒரு சீனப் பெட்டியைத் தேடி எடுத்துத் தந்து, கூரையில் காந்த அன்ரனாவும் வைத்துவிட்டார். நல்ல மனிதர். ஒவ்வொரு காலையும் ஆறு மணிக்கு றேடியோவில் வந்து கால் மணித்தியாலம் காலநிலை வாசிப்பார், பிறகு நாள் முழுக்கப் பெட்டியைப் போட்டபடியே விட்டிருப்பார். நானும் ஒவ்வொரு காலையும் அருமை அண்ணை என்று சொல்லுவேன்.

அந்தப் பெட்டியில் ஒரு பாதுகாப்பு இருந்தது. மைக்கின் பொத்தானை அமுக்கினால்தான் பேசலாம், அமுக்கியிருக்கும்வரை மற்றவர் பேசுவது எங்களுக்குக் கேட்காது. மூன்று நிமிடத்துக்கு மேல் அமுக்கிக்கொண்டிருந்தால் தானாக நின்றுவிடும். கிளரன்ஸ் அண்ணைக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்த அன்று நான் றேடியோவில் அவருக்காக ஜெபித்தேன். நீ என் ஜெபங்களைக் கேட்டிருக்கிறாய். ஆமென் வருமுன் பெட்டி நின்றுவிட்டது. அவருடைய மனைவி யசிந்தா, ஆமென் இல்லாத ஜெபம் மேலே போய்ச் சேராது என்று அழுதேவிட்டா. அன்றைக்கே அந்தப் பாதுகாப்பை நிறுத்திவைத்தேன். இந்த உலகத்தில் ஜெபத்துக்காகப் பெட்டியைக் கெடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இனி உண்மையான விசயம். கிளரன்ஸ் அண்ணையின் மகன் கிறிஸ்ரிக்கும் எங்கள் அபிகாயிலுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போய்விட்டது. ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். நல்ல பொடியன். ஆனால் நான்கு மாதத்துக்கு முன் கிளரன்ஸ் அண்ணை, "வீட்டை இப்பவே பிள்ளையின்ரை பேரிலை எழுதிவிடுங்கோ. அதை வித்துக் கொழும்பிலை ஒரு பிளாற் வீடு எடுப்பம்" என்றார். எங்களுக்கு இருப்பது இந்த ஒரு வீடு. மாட்டேன் என்று சொன்னால் பிள்ளையின் கலியாணம் குழம்பும், ஓம் என்று சொன்னால் நானும் உன் அக்காவும் காருக்குள்தான் குடியிருக்க வேண்டும். நான், "பாப்பம் அண்ணை" என்றேன். நான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வருகிற சனிக்கு அடுத்த சனி அவர்கள் குடும்பமாக முடிவு கேட்க வருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை வட்டுக்கோட்டையில் ஒரு சாவீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது உன் அக்கா காருக்குள் தொடங்கினாள். "வீட்டைக் குடுத்துப்போட்டு நாங்கள் எங்கை போறது? கேக்கிறதுக்கு அவருக்கு வாயிருக்கு. இல்லையெண்டு சொல்ல உங்களுக்கு வாயில்லையே?" நானும் விட்டேனா? "எனக்கு மட்டும் விருப்பமே? அந்தாளின்ரை முகத்தைப் பாத்தால் எனக்குக் கதை வருகுதில்லை. மழை பெய்யுது எண்டு கால் மணித்தியாலம் வாசிக்கிறார், யன்னலைத் திறந்தாத் தெரியாதே? அதையே நிப்பாட்டச் சொல்ல ஏலாமல் கிடக்கிறன்!" அவள் விடவில்லை. "பிள்ளை விரும்புது, பொடியன் தங்கம், கட்டட்டும். ஆனால் நாங்கள் இருக்குமட்டும் வீடு தரமாட்டம். கண்ணை மூடினாப் பிறகு அவளுக்குத்தானே!" அன்றைக்கு என்னவோ, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். றேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. ஒருவரும் கதைக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பார்த்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. பெட்டி அடுப்பாகச் சுடுகிறது. மைக் உன் அக்காவின் கைப்பைக்குக் கீழே அமுங்கிக் கிடக்கிறது. இருபத்தொரு நிமிடம்! சிவப்பு விளக்கு எரிந்தால் நாங்கள் பேசுவது வெளியே போகிறது என்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. சனி, ஞாயிறு, இன்று, மூன்று காலையும் ஆறு மணிக்குக் காருக்குள் பெட்டியின் முன்னால் குந்தியிருந்தேன். கிளரன்ஸ் அண்ணை வரவில்லை. காலநிலை இல்லை. அந்த மனிதர் காய்ச்சலிலும் வாசித்தவர். மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. என் வாயால் பிள்ளையின் வாழ்வு போய்விட்டதோ? கேட்டிருக்காது என்று எழுது. பொய்யென்றாலும் எழுது.

ஜெயந்தினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பும் ஆசீர்வாதமும். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அக்காவுக்கு ஒன்றும் தெரியவேண்டாம்.

அன்புள்ள அத்தான்,
நதானியேல்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுகிறேன். "றேடியோ விசயம், உனக்கு விளங்காது, ஒட்டித் தபாலிலை போடு" என்று உறையை என்னிடமே தந்துவிட்டு உன் அத்தான் குளிக்கப் போய்விட்டார். மைக் தானாக அமுங்கவில்லை. பைக்குக் கீழே நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், இன்னும் பெருவிரல் நோகிறது. நேரே போய்ச் சொல்லியிருந்தால் சம்பந்தி சண்டை என்று ஊர் சொல்லும், தற்செயலாகக் காதில் விழுந்ததற்கு யார் என்ன சொல்ல முடியும்? சனிக்கிழமையே யசிந்தா அக்கா போன் எடுத்தவ. வீடு வேண்டாமாம், கலியாணத்துக்கு நாள் வைக்கத்தான் வருகினமாம். கிளரன்ஸ் அண்ணைதான் வெட்கத்தில் றேடியோப் பக்கமே போகவில்லையாம். இவருக்கு இன்னும் சொல்லவில்லை. நான்கு மாதம் நான் தனியப் பயந்தேன் தம்பி. அவர்கள் வரும்வரை இவர் கொஞ்சம் பயப்படட்டும்.