கத்தரி அக்காவின் பன்னிரண்டு துண்டு நாவல்

ராஜபாளையம் வட்டாரத்தில் கத்தரி அக்காவைப் போலப் புத்தகத்தின் மேல் ஆசை வைத்தவரும் கிடையாது, புத்தகத்துக்கு அவரைப் போல ஆபத்தானவரும் கிடையாது. நல்ல நாவலைக் கண்டால் மற்றவர்கள் முகர்ந்து பார்ப்பார்கள், அட்டை போடுவார்கள். அக்கா கத்தரியை எடுப்பார்.

எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் நான் டெஸ்பாட்ச் கிளார்க். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். அக்கா அங்கே மடிப்பு செக்‌ஷனின் சூப்பர்வைசர். காயத்துக்குக் கட்டும் துணியை வெட்டி, மடித்து அடுக்குவது அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்களின் வேலை. அவருடைய உண்மைப் பெயர் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த செக்‌ஷனில் எந்தப் புத்தகம் நுழைந்தாலும் தையலைப் பிரித்துப் பன்னிரண்டு துண்டாக்கிவிடுவார். ஒவ்வொரு துண்டின் முதுகிலும் பேண்டேஜ் துணியைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டி ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். அவர்கள் மேஜையைப் பார்த்தால் விபத்து வார்டு மாதிரி இருக்கும். யாருக்கு எந்தத் துண்டு கிடைக்கிறதோ அதிலிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும். முன்னே பின்னே நடந்ததை டீ நேரத்தில் மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மம்சாபுரத்துச் செல்வி ஒருமுறை எதிர்த்துக் கேட்டாள். "முன்கதை தெரியாம நடுவுல இருந்து எப்படிக்கா படிக்க?"

"ஏட்டி, நீ வாக்கப்பட்டு வந்தப்ப ஒம்புருசன் வீட்டு முன்கதை தெரிஞ்சா வந்த? வந்து பொறவுதான தெரிஞ்சுக்கிட்ட? படி."

நானோ புத்தகத்தை விரித்துக் கவிழ்த்து வைப்பவர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளாத ஆள். பக்கத்தை மடிப்பவர்களைக் கண்டால் பாவம் செய்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பேன். என் மகள் பிறந்தபோதுகூட அவளை நான் புத்தகத்தைத் தூக்குகிற பதத்தில் தூக்கவில்லை என்பது என் மனைவியின் நீண்ட காலக் குற்றச்சாட்டு.

அப்படிப்பட்ட நான், ஒரு கிணற்றுக்காக அண்ணன் தம்பி இருவர் கோர்ட்டுக்குப் போகும் தடிமனான நாவல் ஒன்றை வாங்கி, அறுபது பக்கம் படித்துவிட்டு, மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மேஜையில் அட்டை மட்டும் இருந்தது. மடிப்பு செக்‌ஷனுக்கு ஓடினேன். அக்கா நான்காவது துண்டுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது என் புத்தகம்!"

"ஒங்க புத்தகந்தான் தம்பி. யாரு இல்லேங்கா?"

"இப்படி வெட்டிட்டீங்களே!"

"ஒரு புத்தகத்த ஒருத்தரே வச்சிட்டு உக்காந்தா மத்தவிய என்ன, வெரலச் சூப்பவா? போங்க, ஒங்களுக்கும் மொற வரும்."

என் சொந்தப் புத்தகத்துக்கு நான் பதின்மூன்றாவது ஆளாக வரிசையில் நின்றேன். கோபத்தில் அக்காவோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். நான் பேசவில்லை என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

என் முறை வரும் முன்பே என் வலது கண்ணில் திரை விழுந்தது. விழித்திரை விலகிவிட்டது என்று மதுரையில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். இடது கண் பிறந்ததிலிருந்தே ஒப்புக்குத்தான் இருக்கிறது, பஸ் போர்டுகூடப் படிக்காது. இரண்டு வாரம் இரவும் பகலும் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். படிக்கிற அளவுக்குப் பார்வை திரும்புமா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் தலையணைக்குள் முகம் புதைத்துக் கிடந்தேன். சோறு தண்ணீர் இல்லாமல்கூட இருந்துவிடலாம், இனிப் படிக்கவே முடியாது என்றால் மிச்ச ஆயுளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தார். "என்ன தம்பி செய்றீய?"

"குப்புறக் கெடக்கேன்க்கா. இனிமே படிக்க முடியுமான்னு தெரியல."

"சரி, படுங்க" என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையிலிருந்து வாட்ஸாப்பில் குரல்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு பெண்ணும் தன் கையிலிருந்த துண்டை வாசித்துப் பதிவு செய்து அனுப்பினாள். வ. புதுப்பட்டி மேரி சர்ச்சில் வேதம் வாசிக்கிற ராகத்தில் வாசித்தாள். கிணற்றுத் தகராறில் அண்ணன்காரன் தம்பியைத் திட்டுகிற கெட்ட வார்த்தைகள்கூட அவள் வாயில் ஆசீர்வாதம் மாதிரி கேட்டன. செல்வியின் பகுதியில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, தொண்டையைச் செருமி, "ஏலே, பால் பொங்குது, அடுப்ப அமத்துலே!" என்றார்.

அவரவருக்கு ஒழிந்த நேரத்தில் அனுப்பியதால் வரிசை என்று ஒன்று இல்லை. திங்கட்கிழமை செத்துப்போன பெரியவருக்குப் புதன்கிழமை கல்யாணம் நடந்தது. வெள்ளிக்கிழமை அவர் பிறந்தார். நான் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். குலுங்கக் கூடாது என்று மனைவி அதட்டினாள். முழுப் புத்தகமாக இருந்திருந்தால் யாரோ ஒருத்திதான் எனக்காக வாசித்திருக்க முடியும். வெட்டிய புண்ணியத்தில் ஒரு செக்‌ஷனே வாசித்தது. பன்னிரண்டு துண்டுக்காகக் கோபப்பட்டவன், அந்தப் பன்னிரண்டையும் நம்பித்தான் பொழுதை ஓட்டினேன்.

ஆனால் பதினொன்றுதான் வந்தது. கடைசித் துண்டு அக்காவிடம் இருந்தது, முடிவைக் கடைசியில்தான் வெளியே விடுவார் என்பதால் மற்ற பெண்கள் யாரும் இன்னும் அதைப் பார்க்கவில்லை. கிணறு யாருக்கு, நடுக்கதையில் தம்பியின் வைக்கோல்போருக்குத் தீ வைத்தது யார் எல்லாம் அதில்தான்.

"அக்கா, முடிவ அனுப்புங்களேன்."

"இருக்கு தம்பி. எங்க ஓடிரப் போவுது?"

நாலு முறை கேட்டேன். நாலு முறையும் இதே பதில். ஐந்தாம் முறை, "ஒங்க பாராயணத்துக்கு நான் ஒண்ணும் தவம் கெடக்கல" என்று சத்தம் போட்டேன். "சரி தம்பி" என்று போனை வைத்துவிட்டார். தொலைத்துவிட்டுச் சமாளிக்கிறார் என்றே முடிவு கட்டினேன்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் கண்ணைச் சோதித்தார். "மெதுவாகப் படித்துப் பாருங்கள்" என்றார். வீட்டுக்கு வந்தும் எனக்குப் படித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தினத்தாளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எழுத்து தெரியாவிட்டால் என்ன செய்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் வீட்டுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் பையிலிருந்து கடைசித் துண்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

"வாசிங்க."

"தெரியலேன்னா, அக்கா?"

"தெரியலேன்னா பொறவு நான் வாசிக்கேன். மொதல்ல நீங்க பாருங்க."

பார்த்தேன். வரிகள் கொஞ்சம் நெளிந்தன. கண்ணைக் கொட்டினேன். ஒரு சொல் நின்றது. பிறகு இன்னொன்று. எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல. இரண்டாம் பக்கம் முடியும் முன், தீ வைத்தவன் பெயர் வந்தது.

"அடப் பாவி, அவனா!" என்று அக்கா நெஞ்சில் கை வைத்தார்.

நான் நிமிர்ந்தேன். "அக்கா, நீங்க இன்னும் இதப் படிக்கலையா?"

"நீங்க கண்ணத் தொறக்காமக் கெடக்கும்போது நான் மட்டும் எப்படிப் படிக்க?" என்றார். "நிப்பாட்டாதீய, வாசிங்க."

ஒரு மாதம் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, முடிவு தெரியாமல், என்னிடம் திட்டும் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் மேலே வாசித்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு மெதுவாகவும் இவ்வளவு சந்தோஷமாகவும் எந்தப் புத்தகத்தையும் நான் வாசித்ததில்லை.