டிராகனுக்குக் காத்திருக்கத் தெரியாது

டிராகனைக் கொல்லப் பனிமலைக்குப் போன மந்திரவாதி, அடிவாரத்திலேயே வாடகைக்கு வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"இந்தக் குளிர்ல மலை ஏறினா என் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? இங்க மாடி வீடு கிடைக்குமான்னு கேளும்மா" என்றார் அத்தை. மந்திரவாதி அவர்தான்.

மருமகளுக்கு அழுகை வராத குறை. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம் அது. ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக நுழைந்து, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் மருமகளுக்கு இந்தக் கதைகளை ஜோடிப்பதுதான் உயிர். கடைத்தெருவில் இருக்கும் விளையாட்டுக் கடையில் வாராவாரம் நடக்கும் இதே ஆட்டத்துக்குக் கதை சொல்ல ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஓடிப் போய்க் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை உங்க ஆட்டத்துல நம்ம ஆள் ஒருத்தர் இருப்பார். அவர் சரின்னா சரி" என்று சொல்லிவிட்டார் கடைக்காரர்.

அந்த ஞாயிறு பார்த்தா வழக்கமாக ஆட வரும் சிநேகிதிக்குக் காய்ச்சல் வர வேண்டும்? "ஆள் குறையுதா? நான் உக்கார்றேன்" என்று அத்தை வந்தார். வந்ததும், "இந்தப் பகடையில எந்தப் பக்கம்மா பார்க்கணும்?" என்று கேட்டார்.

கடை ஆள் வருவதற்குள் கதையை நிமிர்த்தியாக வேண்டும். மருமகள் பனிச்சரிவை உருட்டி விட்டாள். அத்தை பார்த்து வைத்த வீடு போயிற்று. எல்லோரும் ஒரு மாயக் கதவு வழியாகத் தப்பிப் பாலைவனத்தில் விழுந்தார்கள். கதவு பின்னால் பூட்டிக்கொண்டு மறைந்தது.

"இந்த வெயில்ல குடை நல்லா விலை போகுமே! அந்த மந்திரவாதி அங்கியைக் கொடுங்க, வெட்டிடலாம்" என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். ஆட்டத்தில் அவர் மாவீரர். வாளை உருவி அங்கியை வெட்டத் தொடங்கினார்.

அப்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் வழுக்கைத் தலையோடு ஒருவர், முகம் சிடுசிடுவென்று.

"வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்!" என்று மருமகள் அவரை உட்கார வைத்துப் பகடையைக் கையில் திணித்தாள். "நீங்க திருடன்."

"யாரு, நானா? அம்மா, தண்ணி..."

உடனே ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது.

"குடிக்க இல்லீங்க. ஏகப்பட்ட தண்ணி. மேலேயிருந்து கொட்டுது..."

மருமகளுக்குப் புரிந்துவிட்டது. பெரியவருக்குப் பாலைவனம் பிடிக்கவில்லை! அடுத்த நிமிஷம் எல்லோரும் நடுக்கடலில் கப்பலில் இருந்தார்கள். மேலே பேய்மழை. டிராகன் தீவு கூப்பிடு தூரத்தில்.

கப்பலை ஓட்டியது அவள் புருஷன். பிழைப்புக்கு பஸ் ஓட்டுபவன். ஒரு தீவு விடாமல் நிறுத்தி, "இறங்கறவங்க இறங்கலாம்! படியில நிக்காதீங்க!" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, டிராகன் அடுத்த தீவுலதான் இருக்கு. நேரா விடுங்களேன்!"

"ஸ்டாப்பிங் இருந்தா நிறுத்தித்தான் ஆகணும்."

வழுக்கைக்காரர் பொறுமை இழந்து மேஜையைத் தட்டினார். "அம்மா, நான் கீழ்வீட்டுக்குப் புதுசா குடி வந்தவன். உங்க குளியலறைத் தண்ணி என் கட்டில் மேல கொட்டுது!"

புருஷன் கப்பலை அப்படியே விட்டுவிட்டுக் குழாயை மூட ஓடினான். மருமகள் இடிந்துபோனாள். கடை ஆள் வரவேயில்லை. இனி வந்தாலும் எதைக் காட்டுவது?

"ஏம்மா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டே? டிராகன் என்ன ஆச்சு?" என்றார் அத்தை.

கீழ்வீட்டுக்காரரும் எழுந்திருக்கவில்லை. "ஆமா, என்ன ஆச்சு?"

மருமகள் நிமிர்ந்தாள். யாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டியதில்லை என்றானதும் நெஞ்சில் ஒரு தெம்பு பிறந்தது. யோசித்து வைத்திருந்ததையெல்லாம் உதறினாள். "டிராகன் காத்துக் காத்துச் சலிச்சுப் போச்சு. அதுவே கிளம்பி வந்துடுச்சு. இதோ, கப்பலுக்கு மேல! வாயைத் திறக்குது! நெருப்பு!"

"குடையை விரிங்க!" என்று கத்தினார் தையல்காரர். மழையில் ஊறிய மந்திரவாதி அங்கி நெருப்பைத் தாங்கியது. திரும்பி வந்த புருஷன் கப்பலை ஒடித்துத் திருப்பினான். இந்த முறை எங்கும் நிறுத்தவில்லை.

"பனிமலையிலேர்ந்து தப்பி வந்தோமே, அந்த மாயக் கதவை மறுபடி வரவழைக்கற மந்திரம் என்கிட்ட இருக்கில்ல?" என்றார் அத்தை.

கீழ்வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "அதை டிராகன் தலைக்கு மேல வையுங்க! நான் பூட்டை உடைக்கறேன். பனிமலை மொத்தமும் மேலேயிருந்து கொட்டட்டும்! அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்!"

"இருபது விழுந்தாத்தான் பூட்டு உடையும்" என்றாள் மருமகள்.

பகடை உருண்டது. சொம்பில் மோதியது. நின்றது.

இருபது!

மலையே சரிந்து டிராகன் தலையில் இறங்கியது. தையல்காரர் நாற்காலி மேல் ஏறி நின்றார். புருஷன் விசிலடித்தான். கீழ்வீட்டுக்காரர் யார் கையைப் பிடித்தோம் என்றுகூடப் பார்க்காமல் எல்லோர் கையையும் குலுக்கினார். "அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, நனைந்த கட்டிலைப் பார்க்கச் சீட்டியடித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

மருமகளுக்கு மனசு நிறைந்திருந்தது. கடை வேலை போனால் போகிறது. இப்படி ஒரு ஆட்டம் அவள் ஆடியதே இல்லை. ஆனாலும் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள்.

மேஜை மேல் சிதறிக் கிடந்த பகடைகளைப் பொறுக்கிக்கொண்டே அத்தை சொன்னார்: "கடைக்காரருக்கா? வேண்டாம்மா, சாயங்காலம் அங்க ஆடப் போறப்ப நானே சொல்லிக்கறேன். அவர் அனுப்பின ஆளே சொன்னாத்தானே நம்புவார்!"