கத்தினால் திரும்பிப் பார்க்காதீர்கள்

உளவியலில் ஒரே ஒரு அத்தியாயத்தை மட்டும் நன்றாகப் படித்தவர்களிடம் குழந்தையைக் கொடுக்கக் கூடாது. பி.எட். படித்த காலத்தில் நான் அப்படிப்பட்ட ஒருத்தி. (இப்போது எல்லா அத்தியாயங்களும் அரைகுறையாகத் தெரிந்த ஆசிரியை. ஆபத்து குறைவு.)

அந்த அத்தியாயம் நடத்தையியல். பலன் கிடைக்கிற செயலைத் திரும்பத் திரும்பச் செய்வோம். பலன் நின்றால் செயலும் மெல்ல நின்றுவிடும். படித்து முடித்ததும் வீட்டில் யாரைத் திருத்தலாம் என்று பார்த்தேன். அக்கா மகள் மகிழினி அகப்பட்டாள். நாலு வயது. "மாமா, போனு!" என்று அவள் கத்தினால் போதும், என் அண்ணன் உடனே செல்போனைக் கொடுத்துவிடுவான்.

அண்ணன் கல்யாணத்துக்கு முதல் நாள் மேச்சேரியிலிருந்து நாமக்கல் மண்டபத்துக்கு வேனில் கிளம்பினோம். கடைசி சீட்டில் அண்ணனும் மகிழினியும். ஓமலூர் தாண்டுவதற்குள் கத்தல் ஆரம்பித்தது. நான் போனைப் பிடுங்கி, சத்தத்தை அணைத்து, என் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இனிமே பாப்பா கத்துனா யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. நாம கண்டுக்கறதுதான் அவளுக்குப் பரிசு."

"புள்ளைக்குத் தொண்டை கட்டிக்கும் அம்மிணி" என்றார் அப்பா.

"இது சயின்ஸுங்கப்பா."

(வேனிலேயே படித்தவள் நான் ஒருத்திதான் என்பதுபோல் நின்றேன். அக்கா எம்.காம்.)

புதுச்சத்திரத்தில் டீக்கு நிறுத்தினோம். குடித்துவிட்டு ஏறி, வேன் கிளம்பியதுதான் தாமதம், பின்னாலிருந்து "மாமா! மாமா!" என்று ஓர் அலறல். போனுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா கழுத்தைத் திருப்பினாள். நான் அவள் தலையைப் பிடித்து நேராக வைத்தேன். அக்கா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அலறல் கூடியது. எனக்கோ பரவசம். நிற்பதற்கு முன்னால் ஒருமுறை உச்சத்துக்குப் போய்விட்டுத்தான் நிற்கும் என்று படித்திருந்தேனே! "பாத்தீங்களா, வேலை செய்யுது!" என்றேன். மகிழினி சீட்டை உதைத்தாள். "பிரமாதம்!" என்றேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றேவிட்டது. வேனே கைதட்டியது. "படிப்புன்னா படிப்புத்தான்" என்று அப்பாவே ஒத்துக்கொண்டார்.

மண்டப வாசலில் பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். நாங்கள் ஒவ்வொருவராக இறங்கி முடித்ததும் பெண்ணின் அப்பா வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, மாப்ளை எங்கீங்க?"

அப்போதுதான் எல்லோரும் வேனைத் திரும்பிப் பார்த்தோம். மகிழினிதான் நிதானமாகச் சொன்னாள்: "மாமாவ டீக்கடையிலயே உட்டுட்டு வந்துட்டோம். நாந்தான் கத்துனேன்ல?"

அம்மா வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் யாரோ, "பையனுக்கு இஷ்டமில்லையோ என்னமோ" என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நான் கைப்பையைத் திறந்தேன். அண்ணன் போனில், தெரியாத எண் ஒன்றிலிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். (அண்ணனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அவனுடையதுதான்.)

நான் அந்த எண்ணை அழுத்துவதற்குள், ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு முட்டை லாரி வாசலில் வந்து நின்றது. டிரைவர் பக்கத்தில், வெள்ளை வேட்டி சட்டையில் என் அண்ணன். மடியில் ஓர் அட்டை முட்டை.

டிரைவர் தலையை நீட்டி, "இவரு உங்க மாப்ளைங்களா? பாத்து எறக்கிக்குங்க, ஒடைஞ்சுறப் போவுது" என்றார்.

முதலில் சிரித்தது மணப்பெண்தான். மாடி ஜன்னலிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்து அவள் அப்பா சிரித்தார், அப்புறம் மண்டபமே சிரித்தது. டிரைவரை உட்கார வைத்துவிட்டுத்தான் முதல் பந்தி போட்டார்கள். அண்ணன் நேராக மகிழினியிடம் போய் அவளைத் தூக்கிக்கொண்டான். என்னோடு மட்டும் தாலி கட்டுகிற வரைக்கும் பேசவில்லை.

அண்ணியின் ஊரில் அன்றிலிருந்து அவனுக்கு 'முட்டை லாரி மாப்ளை' என்றுதான் பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. போன ஜூன் மாதம் அவன் மகனைப் பள்ளியில் சேர்க்கப் போயிருந்தோம். டீச்சர் குனிந்து, "உங்கப்பா பேரு என்ன சாமி?" என்று கேட்டார்.

பையன் கையைக் கட்டிக்கொண்டு, கணீரென்று சொன்னான்:

"முட்டை லாரிங்க, மிஸ்."