மேயர் அங்கியை முந்தித் தைத்தவர்

மழை வரும் முன்னே குடை விரிப்பவர்களை விட்டுவிடுங்கள், அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் சொல்ல வந்தது, மழையே வராது என்று அடித்துச் சொல்லி அடுத்தவன் குடையையும் மடக்க வைக்கிற ரகம். முன்னாடியே தெரிந்தவர் என்று பெயர். ஊருக்கு ஒருவர் உண்டு. உங்கள் ஊரில் இல்லையா? நன்றாகத் தேடுங்கள்.

எங்கள் ஊரில் அவர் தையல்காரர். மேயரை ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று முதன்முதலாகச் சொன்ன வருஷம், அவருடைய சொந்த அக்கா தேர்தலில் நின்றார். பாதி ஊரைக் கையில் ஏந்திய மருத்துவச்சி. எதிரில் நின்ற செங்கல் சூளை முதலாளியோ பிரசவ ஆஸ்பத்திரியை இடித்துக் கடைகள் கட்டுவேன் என்றவர். அக்கா ஜெயித்தால் ஆஸ்பத்திரி நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

தம்பிக்குப் பாசம் இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கழுத்தில் அளவு நாடாவும் பல்லிடுக்கில் குண்டூசியுமாக, அக்காவுக்கென்று சிவப்பு மேயர் அங்கியை வெட்டிக்கொண்டே, பட்டன் தைக்க வந்தவர், வழி கேட்க வந்தவர், நிழலுக்கு ஒதுங்கியவர் எல்லாரிடமும் ஒரே பாட்டு: "அக்கா ஜெயிச்சாச்சு!"

"அப்போ நாளைக்கு ஓட்டுப் போடப் போகணுமாண்ணே?" என்றாள் பால்காரி.

"எதுக்கும்மா வெயில்ல வேகுற? அதான் ஜெயிச்சாச்சே!"

அளவு கொடுக்க வந்திருந்த அக்கா குறுக்கே புகுந்தார். "டேய், வாயை மூடிட்டு எல்லாரையும் ஓட்டுப் போடக் கிளம்பச் சொல்லுடா."

"உனக்கு அரசியல் தெரியாதுக்கா. கையைத் தூக்கு, அளவெடுக்கணும்."

மறுநாள் அக்கா பக்கத்து ஆட்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். சூளைக்காரர் பக்கமோ, காலில் கட்டுப் போட்டவன்கூட நொண்டிக்கொண்டே போய் ஓட்டுப் போட்டான். சாயங்காலம் அக்கா தோற்றார், கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்.

"நீயாவது போட்டியாடா?"

"அங்கிக்குக் காலர் பாக்கி இருந்துச்சுக்கா..."

அக்கா ஆஸ்பத்திரிக் கட்டில்களை யார் வீட்டில் போடுவது என்று கேட்கக் கிளம்பிவிட்டார்.

நம் ஆள் சும்மா இருப்பாரா? மறுநாள் காலையிலேயே அதே அங்கியைப் பிரித்து, சூளை முதலாளியின் தொப்பையைச் சுற்றி நாடாவை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பத்துமாய்யா?"

"பத்தாம என்னங்க? உள்ளே தாராளமாத் துணி விட்டுத்தான் தச்சேன். இப்படி ஆகும்னு எனக்கு முன்னாடியே தெரியும்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் கதையில் பால்காரி வாய் திறந்தபோதே, "அக்கா தோத்தாச்சு, தெரிஞ்சதுதானே" என்று முணுமுணுத்தது உங்களில் யார்? எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.