புலியின் தலையில் வைத்த கை

தனியாக இருப்பவர்கள் நாய் வளர்க்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவசரப்பட்டு அதற்குப் 'புலி' என்று பெயர் வைக்கக் கூடாது. நான் வைத்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் சேலையூரில் வாடகை வீடு, சிறுசேரியில் வேலை. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் பேச ஆள் கிடையாது. (சாப்பாடு கொண்டுவருபவரை "வெளியே மழையா?" என்று கேட்டு வாசலில் நிறுத்திவைத்த கேஸ் நான்.) அதனால்தான் தெருவில் அடிபட்டுத் திரிந்த ஆறு மாதக் குட்டியைத் தூக்கி வந்தேன். கதவைத் திறந்து "புலீ..." என்று நான் குனிந்தால் போதும், வாலைக் காலிடுக்கில் சொருகிக்கொண்டு, மல்லாந்து, அங்கேயே உச்சா. துடைக்கக் குனிந்தால் இன்னொரு தடவை.

"பயம்மா அது," என்றார் கால்நடை டாக்டர். "'நீங்கதான் பெரியவங்க, என்னை ஒண்ணும் பண்ணிடாதீங்க'ன்னு சொல்லுது. திட்டாதீங்க. உள்ள வந்ததும் பார்க்காதீங்க, பேசாதீங்க, குனிஞ்சு தலையில கை வைக்காதீங்க. அதுவா வரட்டும்."

எனக்காகக் காத்திருந்தது அந்த ஒரே ஜீவன்தான். அதையும் கண்டுகொள்ளக் கூடாதாம்! தினமும் சாயங்காலம் வந்து, சுவரைப் பார்த்தபடி தரையில் உட்கார்வேன். சில நாள் அழுகை வரும். சத்தமில்லாமல் அழுவேன் (சத்தம் கேட்டால் அதற்கும் உச்சா). மூன்றாவது வாரம் முதுகில் ஈர மூக்கு பட்டது. நான் திரும்பவில்லை. தரை காய்ந்தே இருந்தது.

அந்தத் திமிரில்தான் சபையின் வீட்டு ஜெபக்கூட்டத்தை என் வீட்டில் வைக்கச் சொன்னேன். ஒரு வருடமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தும் அங்கே என் பெயர் யாருக்கும் தெரியாது. இது நல்லபடி நடந்தால் நாலு பேர் பழக்கமாவார்கள் என்று ஒரு நப்பாசை. வாசலில் நோட்டீஸ் ஒட்டினேன்: 'நாயைப் பார்க்க வேண்டாம். அதனிடம் பேச வேண்டாம்.' மூன்றாவதை எழுதவில்லை. ஜெபம் பண்ண வருகிறவர்கள் நாயின் தலையில் ஏன் கை வைக்கப்போகிறார்கள்?

பன்னிரண்டு பேர் விட்டத்தைப் பார்த்தபடி, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பாட்டும் வசனமும் முடிகிற வரை புலி நாற்காலிக்கு அடியிலேயே சமர்த்தாக இருந்தது. கடைசியில் வீட்டாருக்கு ஆசீர்வாத ஜெபம். நான் முழங்காலிட்டேன்.

"வீட்டுல வேற யாரும்மா? வரச் சொல்லுங்க," என்றார் பாஸ்டர்.

"நானும் புலியும்தான் பாஸ்டர்."

நான் தரையில் இருப்பதைப் பார்த்து, புலி வழக்கம்போல என் முதுகோடு வந்து ஒட்டிக்கொண்டது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். வெள்ளை அங்கியில் இருந்த அந்த நல்ல மனிதர் ஒரு கையை என் தலையில் வைத்தார். பிறகு குனிந்து, இன்னொரு கையைப் புலியின் தலையில் வைத்தார்.

"ஆண்டவரே, இந்த வீட்டில் உள்ள இருவரையும்..."

அங்கியின் ஓரம் நனைந்தது. பிறகு சாக்ஸ். ஜெபத்தைப் பாதியில் நிறுத்த முடியுமா? பாஸ்டரின் குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஆமென் சீக்கிரம் வந்தது.

"திட்டாதீங்க பாஸ்டர், திட்டினா இன்னும் போயிடும்!" என்று கத்தினேன்.

"யாரு திட்டினாங்க? மாப் எங்கம்மா கீது?" என்று எழுந்தார் ஓர் அக்கா. யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் பன்னிரண்டு பேரும், நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு விட்டத்தைப் பார்த்தபடியே, விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வீட்டில் முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

புலிக்கு இப்போது அந்தப் பழக்கமெல்லாம் இல்லை. ஆனாலும் சபையில் அதற்குப் 'பாஸ்டருக்கே ஞானஸ்நானம் கொடுத்தவன்' என்றுதான் பேர். எனக்குப் 'புலி அக்கா'. சொந்தப் பெயர் இன்றும் பாதிப் பேருக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்குப் பாட வரும்போது எல்லாரும் விட்டத்தைப் பார்த்தபடியேதான் நுழைகிறார்கள். அவர்கள் போனதும் வீடு முன்னைவிட அமைதியாகிவிடுகிறது. நான் சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்கிறேன். கொஞ்ச நேரத்தில் முதுகில் ஈர மூக்கு படுகிறது.