பச்சைப் பந்துப் படலம்

எண்திசையும் செவிசாய்க்க, இயந்திரங்கள் ஒரு கணம் இரைச்சல் ஒடுங்க, காதிடுக்கில் பென்சில் தரித்தவரும், பதினெட்டு ஆண்டுகளாய்ப் பின்னங்களோடும் புள்ளிகளோடும் பொருது வென்றவரும், பம்பு செய்யும் ஆலையொன்றின் வரைபடங்களைச் சரிபார்த்து ரப்பர் ஸ்டாம்பு குத்தும் பேருரிமையையே மணிமுடியாய்ச் சூடியவருமாகிய 'ஸ்கேல்' என்னும் மெலிமேனி மாவீரர், கைக்கடக்கமான ஒரு பந்துக்காக ஐம்பத்து மூன்று நிமிடம் களமாடிய காதையை உரைக்கப் புகுகின்றோம். சொற்பஞ்சம் நேராமல் காக்க வேண்டிய தெய்வம் எதுவோ, அது வந்து எங்காவது ஓரமாய் நிற்கட்டும்.

முன்னாளில் அவ்வாலையை ஆண்டவர் கண்ணாடி அறையில் கொலுவிருந்த இடிக்குரல் வேந்தர். அவர் ஒருவரே பேசுவார். ஏனையோர்க்குக் காது மட்டும் உண்டு. அவருக்குப் பின் வந்தவர் படிவப் பேரரசர். திருகாணி தளர்ந்ததென்று மூன்று நகலெடுத்து எழுதித் தந்தால், அது கழன்று விழுந்த மறுவாரம் இறுக்குவதற்கு அனுமதி வரும். இப்போது ஆள்பவரோ, ஆள்வதே தவறென்று அறிவித்துவிட்டு ஆள்கின்ற புன்னகை வேந்தர். "இங்கே யாரும் மேலதிகாரி இல்லை" என்பது அவரது முதற்பிரகடனம். அதை மறுத்துப் பேச யாருக்கும் துணிவு வரவில்லை.

மூன்று நாள் பயிற்சிக்குச் சென்ற அவ்வேந்தர், பச்சை நிற ஸ்பாஞ்சுப் பந்தொன்றை வென்று கொணர்ந்தார். அன்றுமுதல் காலை ஒன்பதடித்ததும் துறைத்தலைவர் அனைவரும் கைப்பேசிகளைக் கூடையில் இட்டு, வட்டமாய் நிற்க, பந்தைக் கையில் ஏந்தியவர் மட்டுமே வாய்திறத்தல் வேண்டும். முந்தைய வாரம் பந்தில்லாமல் தும்மலுக்கு மேல் ஏதோ சொல்லிவிட்ட கணக்கரை, பிறர் பேச்சைக் கேட்கப் பழகுவதற்காக இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். போனவர் இன்னும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

அந்நாளில், ஒன்பதடிக்க ஒரு நிமிடம் இருக்கையில், நம் காவியத் தலைவர் ஸ்கேல் முதல்நாள் தாம் ஸ்டாம்பு குத்திய படத்தை ஏதோ ஓர் உறுத்தலில் மீண்டும் விரித்தார். விரித்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி மறுபடியும் பார்த்தார். அறுபத்தெட்டு மில்லிமீட்டர் என்றிருக்க வேண்டிய துளை எண்பத்தாறு என்று தலைகீழாய் நின்று பல்லிளித்தது. துளை சிறிதென்றால் குடைந்து பெரிதாக்கலாம். பெரிதாய்ப் போனதைச் சிறிதாக்க மூவுலகிலும் கருவியில்லை. பத்து மணிக்கு வார்ப்புக்கூடத்தில் பன்னிரண்டு பம்புக்கூடுகளுக்கு இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். ஏற்கெனவே அவர் கணக்கில் இரண்டு பிழைகள். மூன்றாவது விழுந்தால் ஸ்டாம்பு பறிபோகும் என்பது ஆலைச் சட்டம். வார்ப்புக்கூடத் தலைவரோ வேறு யாருமில்லை, நம் வீரரின் மனைவியின் தம்பி. இடிக்குரல் வேந்தரின் ஆட்சியென்றால் கொல்லைப்புறமாய் நடந்துபோய் மைத்துனன் காதில் ஓதிவிட்டு வந்திருப்பார். இப்போதோ மணியடித்துவிட்டது, மைத்துனனும் வட்டத்தில், நேரெதிரே, பதினைந்தடித் தொலைவில்.

தொடங்கியது பெரும்போர். பந்து முதலில் கிடங்குக் காவலரை அடைந்தது. பெற்றதை ஈயாப் பெருங்கையராகிய அவர், தம் மனத்தில் அன்று காலை என்னென்ன உணர்வுகள் எழுந்தன என்பதைப் பத்தொன்பது நிமிடம் விரித்துரைத்தார்; அவற்றுள் பாதி, காணாமற்போன ஸ்பேனர் பற்றியவை. ஸ்கேல் மைத்துனனைக் கண்ணால் விளித்தார். மைத்துனன் மரியாதையாய்ப் பதிலுக்குக் கண்சிமிட்டினான். ஸ்கேல் இரு கைகளையும் விரித்து, துளையின் அகலம் காட்டி, தலையை இடவலமாய் ஆட்டினார். அதைக் கண்டு பூரித்த புன்னகை வேந்தர், கழுத்துக்கு இப்படிப் பயிற்சி கொடுப்பது மிகவும் நல்லது என்று சைகையால் பாராட்டி, தாமும் ஆட்டினார். வட்டம் முழுவதும் ஆட்டியது. அந்தக் கணத்தில் நம் வீரருக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அரை டன் இரும்பை உருக்கியிருக்கலாம்.

பந்து பறந்தது, பிறர் கைகளில் விழுந்தது, நன்றிகளும் நெகிழ்ச்சிகளும் பொழிந்தன. சுவர்க்கடிகாரம் ஒன்பது ஐம்பத்து மூன்றைத் தொட்டபோது, வேறொருவரை நோக்கி எறியப்பட்ட பந்தை, முழங்கால் வலியும் வயதும் மறந்து, மீனைக் கொத்தும் கொக்கெனப் பாய்ந்து பற்றினார் ஸ்கேல். மூக்குக்கண்ணாடி ஒருபுறம் வீழ்ந்தது, சட்டைப் பொத்தான் ஒன்று மறுபுறம் தெறித்தது. அவை அதிர முழங்கினார்:

"மாப்ளே, பத்து மணிக்கு அதை ஊத்தாதே. தப்பு என்னோடது. அறுபத்தெட்டை எண்பத்தாறுன்னு விட்டு ஸ்டாம்பு குத்திட்டேன்."

தன் தவறைத் தானே ஒப்புக்கொண்ட அத்தீரத்தை மெச்சிப் புன்னகை வேந்தர் கைதட்டச் சொன்னார், அனைவரும் தட்டினர். கிடங்குக் காவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏதோ சொல்லத் துடித்த மைத்துனனுக்கு விதிப்படி பந்து வேண்டியிருந்தது. அது கைமாறிக் கைமாறி அவனை அடைந்தது.

"மாமா, எப்போ ஊத்தலாம்னு வேலை செய்றவங்களே முடிவு பண்ணிக்கட்டும்னு சார் நேத்து சொல்லிட்டாரு. எட்டரைக்கே ஊத்திட்டாங்க."

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்து ஸ்டாம்பை வாங்கிக்கொண்டு போனார்கள்.