ஹுவே நகரத்து முன்சீட்டுப் போர்

எண்திசைக் காவலரே, கைவேலையைச் சற்றே நிறுத்திச் செவி சாய்ப்பீராக! அரிசி மூட்டைகளின் அரசன், பருப்பு வகைகளின் பாதுகாவலன், தராசு முள்ளைத் தன் புருவ அசைவால் அடக்கும் தகைசால் வணிகன், வில்லியனூர்க் கடைத்தெருவின் விடிவிளக்கு, ஜலாலுதீன் பாய் வாழ்க! வியத்நாம் நாட்டிலே, மன்னர் பலர் கொலுவீற்றிருந்த ஹுவே என்னும் மதில்சூழ் மாநகரிலே, ஒரு வெள்ளை வேனின் முன்சீட்டுக்காக அவன் புரிந்த போரைச் சொல்லப் புகுந்தோம். சொல்லில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய வீரனுக்கு உலகில் ஒரே ஒரு பகைதான் இருந்தது. அந்தப் பகை அவன் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்தது. சாலை கண்ணெதிரே தெரிய டிரைவர் பக்கத்தில் அமர்ந்தால் அவன் சிங்கம். பின்சீட்டில் அமர்ந்தால், ஐயகோ, வாந்தி! இந்த ரகசியத்தை அறிந்தவள் அவன் மனைவி ரோஷன் பீவி ஒருத்தியே. பிரெஞ்சுக்காரன் காலத்தில் சைகோனுக்குக் கப்பலேறிப் போன முன்னோர் அவன் குலத்தில் உண்டு. அலைமேல் ஆடி ஆடிப் போன அவர்களுள் ஒருவரேனும் குடலைக் கக்கியதாகச் செய்தி இல்லை. அப்பேர்ப்பட்ட குடியில் பிறந்தவன், கூட வந்த பாகூர்க்காரர்கள் கண்ணெதிரே வேனில் வாந்தி எடுத்தால், அவன் விமானம் இறங்குமுன் அந்தச் சேதி கடைத்தெருவில் இறங்கிவிடும். நினைக்கும்போதே அவனுக்கு மானம் போனது.

அவனை எதிர்த்து எழுந்தவனும் லேசுப்பட்டவன் அல்லன். ஏரிநீர் பாயும் கழனிக்கு உரியவன், கரும்புக்காட்டுக் கோமான், முறுக்கு மீசையால் முன்னே வருவோரை விலக்கும் பாகூர்த் தணிகைவேல்! அன்று காலை ஓட்டலில் மற்றவரெல்லாம் நூடுல்ஸ் கிண்ணத்தின் முன் குச்சி பிடிக்கத் தெரியாமல் குலைந்து நின்ற வேளையில், அவன் ஒரு வாய் கூட உண்ணாமல் வெளியே வந்து முன்சீட்டைக் கைப்பற்றினான். நம் நாயகனுக்குக் கிடைத்தது கடைசி வரிசை. நறுமண ஆற்றின் பாலத்தைக் கடக்கையில் எல்லாரும் ஆற்றைப் பார்த்தார்கள். அவன் மட்டும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தான்.

நீதி கேட்டு அவன் அணுகியது, சுற்றுலா அழைத்து வந்த அருள்தாஸை. அருள்தாஸ் கோட்டை வாசலில் நின்று, நாடறிய இவ்வாறு முழங்கினான்: "சீட்டு நம்பர்லாம் கெடையாது பாய்! எறங்கி ஏறும்போது யாரு மொதல்ல ஒக்கார்றாங்களோ, அவங்க சீட்டு! இன்னா, புரிதா?" தொடர்ந்து, கொடி பிடித்து முன்சென்ற வழிகாட்டி நங்கை லான் ஆங்கிலத்தில் ஏதோ மொழிய, அதையும் அவனே தமிழில் இடியென இறக்கினான்: "அடுத்தது ராஜா சமாதி. மேட்டு ரோடு. வளைஞ்சி வளைஞ்சி போவும்!"

வளைந்து வளைந்து! அந்தச் சொல் செவியில் விழுந்த கணமே ஜலாலுதீன் எலுமிச்சம்பழத்தை மீண்டும் கையில் எடுத்தான். முன்சீட்டு இல்லையேல் மானம் இல்லை என்பது அவனுக்கு உறுதியாயிற்று.

கோட்டைக்குள்ளே அரண்மனைக் கொலுமண்டபத்தில், செந்நிறத் தூண்கள் வரிசை வரிசையாய் நிமிர்ந்து நிற்க, பொன்னிற டிராகன்கள் அவற்றைச் சுற்றிப் படர, நடுவே அரியணை வீற்றிருந்தது. பண்டு பேரரசர் அமர்ந்த இந்த ஆசனத்தில் இன்று எவரும் அமரலாகாது என்று லான் உரைத்தாள். அதைக் கேட்டு வேதனைப்பட்டவர் அந்தக் கூட்டத்திலேயே இருவர்தாம். சும்மா கிடக்கும் இருக்கையைக் கண்டால் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் அளந்தனர். தணிகைவேல் அரியணையைப் போட்டோ எடுக்கக் குனிந்த அந்த நொடியில், நம் நாயகன் தூணுக்குத் தூண் பதுங்கி வெளியேறினான்.

இவ்விடத்தே அவன் ஏந்திய ஆயுதத்தைப் போற்றாமல் போனால் நாக்கு அழுகும். அது தோளில் கிடந்த துண்டு! வில்லியனூரில் பஸ் வந்து நிற்குமுன்னரே, ஓடும் ஜன்னலைக் குறிபார்த்து அதை வீசி, வேண்டிய சீட்டில் வேண்டியபடி விரிய வைக்கும் வித்தை அவனுக்குக் கைவந்தது. துண்டு விழுந்த சீட்டில் பிறர் உட்கார்ந்தால் ஊரே காறித் துப்பும். எனவே அவன் வேன் நிறுத்தத்துக்கு ஓடினான். வெள்ளை வேன்கள் சில வரிசையாக நின்றன. எந்தக் கூட்டத்தின் வேன் என்று முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை அவன் படிக்கவில்லை; பஸ்ஸில் போர்டு பார்த்துத் துண்டு போடுகிறவன் உட்கார்ந்து போனதாக அவன் கண்டதில்லை. நாலு விரல் அகலம் திறந்திருந்த ஜன்னல் வழியே துண்டைச் செலுத்தினான். அது முன்சீட்டின்மேல் அழகாக மலர்ந்தது. வெற்றி, வெற்றி என்று நெஞ்சு கூத்தாட, அவன் திரும்பிப் போய் ரோஷன் பீவியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டான்.

மதில்மேல் வெயில் ஏறிய பொழுதில் எதிரே தணிகைவேல் வந்தான். அவன் நடையில் ஒரு நிறைவு இருந்தது. தோளில் துண்டு இல்லை. ஜலாலுதீன் அவன் வெறுந்தோளைப் பார்த்தான். அவனும் இவன் வெறுந்தோளைப் பார்த்துப் புன்னகைத்தான்.

"இன்னா பாய், துண்டு போட்டுட்டீங்க போல?"

"ஆமாண்ணே. மொதல்ல போட்டது நானு. சீட்டு எனக்குத்தான்."

"பார்த்தேன், பார்த்தேன். ஒங்க துண்டுமேல எந்துண்டப் போட்டுட்டுத்தான் வரேன். மேல கெடக்கறது எதுவோ அதான் கணக்கு!"

அடிநின்ற துண்டுக்கு உரிமையா, முடிநின்ற துண்டுக்கு உரிமையா என்று அப்பெருவாயிலின் முன்னே ஒரு வழக்கு மூண்டது. வில்லியனூர் பஸ் நிறுத்தத்து நடைமுறை ஒரு பக்கம், பாகூர் பஸ் நிறுத்தத்து நடைமுறை மறுபக்கம். இருவர் குரல்களும் மதிலில் மோதித் திரும்பின. சீனப் பயணிகள் சிலர் இதுவும் கோட்டை நிகழ்ச்சியில் ஒன்று என்று எண்ணிப் படம் பிடித்தனர். ரோஷன் பீவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு வெள்ளை வேன் அவர்களைக் கடந்து போனது. முன்சீட்டில் வெள்ளைக்காரப் பெருமாட்டி ஒருத்தி வீற்றிருந்தாள். தணிகைவேலின் துண்டை வெயிலுக்குத் தலையில் கட்டியிருந்தாள். ஜலாலுதீனின் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். துண்டு வழங்கிய சுற்றுலாக் கம்பெனியார் வாழ்க என்று எண்ணினாளோ என்னவோ, இவர்களைப் பார்த்துக் கையும் அசைத்தாள். வேன் மாறித் துண்டு போட்டவன் முந்தினவன்; அவன் துண்டு கிடந்ததால் அதுவே நம் வேன் என்று நம்பியவன் பிந்தினவன். ஆனதென்ன? மாற்றார் தேரில் மாவீரர் இருவரின் கொடிகளும் ஒருங்கே பறிபோயின.

"நிறுத்துடா வண்டிய!" என்று செந்தமிழ் நாட்டுக் குரல்கள் இரண்டு அந்நகரத் தெருவில் அதிர்ந்தன. நெஞ்சோடு நெஞ்சு இடிக்க, செருப்போடு செருப்பு சிக்க, ஸ்கூட்டர் வெள்ளத்தை நீந்தி அவ்விருவரும் தெருமுனை வரை ஓடினர். வேன் வளைந்து மறைந்தது.

மூச்சிரைக்க மீண்டபோது அவர்களது வேன் இவர்களுக்காகவே காத்து நின்றது. முன்சீட்டில் பாகூர்க் காசம்மாள் வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். முட்டி வலியால் கோட்டைக்குள் வராமல் வேனிலேயே தங்கிவிட்ட அந்த அம்மாள், சீட்டு காலியானதும் மாறி உட்கார்ந்து தூங்கிப்போனாள், அவ்வளவுதான். "எழுப்பாதீங்க, பாவம்," என்றான் அருள்தாஸ். மிச்சமிருந்தது கடைசி வரிசையில் இரண்டு இடம்.

வேன் மேட்டில் ஏறியது. முதல் வளைவில் ஜலாலுதீனின் நெற்றி வேர்த்தது. அடுத்த வளைவில் காது அடைத்தது. வந்துவிட்டது, வம்சத்தின் மானத்துக்கு முடிவு வந்தேவிட்டது என்று நடுங்கி, பகைவன் பார்க்கிறானா என்று பக்கத்தில் திரும்பினான். அங்கே முறுக்கு மீசை தொங்கிப்போய், முகம் வெளுத்து, இரு கையாலும் வாயைப் பொத்தியிருந்தான் தணிகைவேல்.

"அண்ணே! ஒங்களுக்குமா?"

"சின்ன வயசிலேர்ந்து பாய். ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ஜலாலுதீனுக்குக் கண் கலங்கியது. உலகில் தனக்கு மட்டுமே வாய்த்ததென்று அவன் தனியே சுமந்த வெட்கத்தில் பாதியை இன்னொருவன் சுமந்துகொண்டு அருகிலேயே அமர்ந்திருந்தான்! ஆதலின், துண்டிழந்த தோளைத் துண்டிழந்த தோள் தாங்க, அங்காடியும் கழனியும் அன்பினால் ஒன்றாக, பகை மறந்த பெருவீரர் இருவரும் ஒரே குரலாய், ஒரே வேளையில், முன்னே அமர்ந்திருந்த ரோஷன் பீவியை நோக்கிக் கரம் நீட்டி, "ரோஷன்! கவர்!" என்றும் "தங்கச்சி! கவர்!" என்றும் விண்ணதிர முழங்கினர்.

அவளிடம் ஒரே ஒரு கவர்தான் இருந்தது.